மூன்று கன்சோல் கம்பெனிகள், மூன்று விதமான ஸ்டுடியோ நிர்வாகம்: எது தேறும்?

ஒரு கேம் ஸ்டுடியோவை விலைக்கு வாங்கினால் பெயர் வரும், கேம்களின் உரிமை வரும், கையெழுத்தான ஒப்பந்தங்கள் வரும். வேலை தெரிந்த ஆட்களை மட்டும் பத்திரம் பதிந்து வாங்க முடியாது. இதை யார் புரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதை வைத்தே மார்க் போடலாம்.

நிண்டெண்டோவுக்கு ஐந்துக்கு நாலரை. 2015 செப்டம்பரில் கேம் உருவாக்கும் இ.ஏ.டி., எஸ்.பி.டி. என்ற இரு பிரிவுகளையும் இணைத்து இ.பி.டி. என்று ஒரே பிரிவாக ஆக்கினார்கள். அது தனிக் கம்பெனி அல்ல, தலைமையகத்தின் ஒரு துறை. அதனால் ஒரு கேம் சரியாகப் போகாவிட்டால் இழுத்துப் பூட்ட அங்கே ஸ்டுடியோ என்று எதுவும் இல்லை. ஆட்கள் அடுத்த கேமுக்கு நகர்வார்கள், அவ்வளவுதான். குறை, காத்திருப்பு. ஸ்பிளாட்டூன், அனிமல் கிராசிங் என்ற இரண்டு கேம் தொடர்களும் ஒரே குழுவின் பொறுப்பு. 2017-ல் ஸ்பிளாட்டூன் 2, 2020-ல் அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ், 2022-ல் ஸ்பிளாட்டூன் 3 என்று முறை வைத்துத்தான் வந்தன. ஆள் போதாதபோது, 2007-ல் பண்டாய் நாம்கோவிடமிருந்து வாங்கிய மோனோலித் சாஃப்ட் ஸ்டுடியோவின் கியோட்டோ அணி செல்டா கேம்களுக்குக் கை கொடுக்கிறது.

சோனி நல்ல நாளில் பொறுமைசாலி. இன்சோம்னியாக் ஸ்டுடியோவோடு இருபது வருஷம் பழகி, அவர்கள் செய்த ஸ்பைடர்மேன் கேமின் வெற்றியையும் பார்த்துவிட்டு, 2019-ல்தான் 22.9 கோடி டாலருக்கு வாங்கியது. ஒன்றாக வேலை செய்த பழக்கம் ஏற்கெனவே இருந்ததால் வாங்கியபின் ஆட்டம் காணவில்லை. இதே சோனி 2023-ல் ஃபயர்வாக் என்ற ஸ்டுடியோவை, அது ஒரு கேம்கூட வெளியிடுவதற்கு முன்பே வாங்கியது. அதன் முதல் கேம் கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23-ல் வந்தது. செப்டம்பர் 6-ல் சர்வரை நிறுத்தி, காசையும் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபரில் ஸ்டுடியோவுக்கே மூடுவிழா அறிவிப்பு.

மைக்ரோசாப்ட்டிடம் பணம் பிரச்சினையே இல்லை. 2000-ல் வாங்கிய பஞ்சி ஸ்டுடியோ 2007-ல் பிரிந்து போனது, அது செய்த ஹேலோ கேமின் உரிமை மட்டும் தங்கியது. அதைத் தொடர 343 இண்டஸ்ட்ரீஸ் என்று புதிதாக ஒரு ஸ்டுடியோவைக் கட்ட வேண்டியிருந்தது. பிறகு 750 கோடி டாலருக்கு ஜெனிமேக்ஸ், 6,870 கோடிக்கு ஆக்டிவிஷன் பிளிசார்ட். இவை தனி ஸ்டுடியோக்கள் அல்ல, ஸ்டுடியோக்களை வைத்திருக்கும் கம்பெனிகள். மாடிமேல் மாடி கட்டினால் கீழே கேம் செய்பவர் மேலே முடிவெடுப்பவர் கண்ணில் படுவதில்லை. ஹை-ஃபை ரஷ் என்ற கேமைத் தந்து பாராட்டு வாங்கிய, ஜெனிமேக்ஸின் கீழ் இருந்த டாங்கோ ஸ்டுடியோவை 2024 மே மாதம் மூடுவதாக அறிவித்தார்கள். ஆகஸ்டில் கிராஃப்டன் என்ற கொரியக் கம்பெனி அந்த அணியையும் அந்தக் கேமின் உரிமையையும் எடுத்துக்கொண்டது. டாங்கோவின் இன்னொரு கேமான ஈவில் விதின் மைக்ரோசாப்ட்டிடமே நின்றுவிட்டது. மைக்ரோசாப்ட்டுக்கு இரண்டு மார்க் தாராளம்.

‘சொந்த ஸ்டுடியோ’ என்று யாராவது சொன்னால் லோகோவை விட்டுவிட்டு, டைட்டில் திரையின் அடியில் வரும் காப்புரிமை வரியைப் பாருங்கள். கிர்பி கேமில் அதைச் செய்யும் ஹெச்.ஏ.எல். ஸ்டுடியோவின் பெயரும் நிண்டெண்டோ பெயரும் சேர்ந்தே இருக்கும்; ஹெச்.ஏ.எல். நிண்டெண்டோவின் கம்பெனி அல்ல. போகிமானைச் செய்யும் கேம் ஃப்ரீக் ஸ்டுடியோவும் அப்படியே. இன்சோம்னியாக்கின் ஸ்பைடர்மேனில் மார்வெல் பெயர் நிற்கும். 2001-ல் நாட்டி டாக் ஸ்டுடியோவை சோனி வாங்கியபோது, அவர்கள் செய்த க்ராஷ் பாண்டிகூட் கேமின் உரிமை யுனிவர்சலிடம் இருந்ததால் கூடவே வரவில்லை. கை மாறி மாறி ஆக்டிவிஷனுக்குப் போன அந்த க்ராஷ், 2023 அக்டோபர் முதல் மைக்ரோசாப்ட்டின் சொத்து.