பிரான்ஸ் மேடுபள்ளத்துக்கு சைக்கிள் தயார் செய்யும் பட்டறை: பல்சக்கரத்துக்கு நூறு மார்க், பெட்டிக்கு வெறும் பாஸ் மார்க்

புதுச்சேரியில் ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குப் பாதை இரண்டுதான். வடக்கே ஈ.சி.ஆர்., தெற்கே கடலூர் சாலை. இரண்டும் தோசைக்கல் மாதிரி தட்டை. மேடு வேண்டுமென்றால் ஆரோவில் செம்மண் மேட்டுக்குப் போக வேண்டும். அதுவும் கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் சொச்சம். இங்கே ஓட்டிப் பழகிய சைக்கிளை அப்படியே பெட்டியில் போட்டு பிரான்சுக்குக் கொண்டுபோகிறவர்கள்தான் அங்கே இரண்டாம் நாளே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

அதைத் தடுக்கத்தான் பழைய நகரைச் சுற்றிய புல்வார் சாலைக்கு வெளியே ஒரு சந்தில் இருக்கும் இந்தப் பட்டறை தனியாக ஒரு வேலை எடுக்கிறது: முழு ஓவராயில், பல்சக்கரம் மாற்றம், விமானத்துக்குப் பெட்டி கட்டுதல், மூன்றும் சேர்த்து. இதில் பாராட்டும் உண்டு, குட்டும் உண்டு என்பதால் பெயர் வேண்டாம். ஊரில் ரோடு சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு எந்தச் சந்து என்று தெரியும்.

முதலில் பிரான்ஸ் சாலையைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இந்த வேலை எதற்கு என்றே புரியாது. இங்கிருந்து போகிறவர்களில் பலருக்குக் குறி பாரீஸ்–பிரெஸ்ட்–பாரீஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடப்பது, போனது 2023, அடுத்தது 2027. பாரீஸுக்குப் பக்கத்து ராம்புயேயில் கிளம்பி, பிரான்சின் மேற்கு முனையான பிரிட்டனியின் கடைசிவரை போய்த் திரும்பும் 1,200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம். வழியில் மலை என்று எதுவும் கிடையாது. பிரிட்டனி முழுக்கத் தேடினாலும் 400 மீட்டர் உயரக் குன்று ஒன்றுகூட அகப்படாது. ஆனால் ஏறிய ஏற்றத்தையெல்லாம் கூட்டினால் சுமார் 12,000 மீட்டர் வருகிறது. அதாவது 100 கி.மீ.க்கு 1,000 மீட்டர்.

ஏலகிரி மாதிரி ஒரே ஏற்றம், ஒரே இறக்கம் என்றால் மனசுக்கு ஒரு கணக்கு இருக்கும். இங்கே அப்படி இல்லை. ஒரு கி.மீ. ஏற்றம், உச்சியில் ஒரு கிராமம், ஒரு சர்ச். ஒரு கி.மீ. இறக்கம், கீழே ஓர் ஓடை, சின்னப் பாலம். உடனே மறுபடி ஏற்றம். ஒவ்வொன்றும் 5 சதவீதம், 6 சதவீதம், சில இடத்தில் 8. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. காலை ஒடிப்பது அது நூறு தடவை வருவதுதான். ராம்புயே வேண்டாம், பர்கண்டியில் ஒரு வாரம் சும்மா சுற்றப் போகிறேன் என்றாலும் டி என்று எண் போட்ட மாவட்ட உள்சாலைகள் பெரும்பாலும் இதே குணம்தான்.

இப்போது பல் கணக்கு. நம்மூரில் பெரும்பாலான ரோடு சைக்கிளில் முன்னால் இரண்டு பல்சக்கரம், 52/36 அல்லது 50/34 பல்; பின்னால் பல்சக்கர அடுக்கு, 11 முதல் 28 பல் வரை (11-28). முன் 36, பின் 28 போட்டு 28 மி.மீ. டயரில் மிதித்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.75 மீட்டர் நகரும். 8 சதவீத ஏற்றத்தில் களைத்த மனிதர் மணிக்கு 9 கி.மீ. போனாலே பெரிது. அந்த வேகத்தில் மிதி நிமிடத்துக்கு 55 சுற்றுதான். அது மிதிப்பதல்ல, படியேறுவது. பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்தில் 66 சுற்று வரும். முன்னாலும் 34 என்றால் 70. முட்டி பிழைப்பதும் பிழைக்காததும் இந்தப் பதினைந்து சுற்றில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பட்டறை நூற்றுக்கு நூறு வாங்குகிறது. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றியதும் முதலில் பார்ப்பது ரியர் டெரெய்லரின் (பின் கியரை மாற்றும் கருவி) கூண்டு நீளத்தை, அதாவது செயினை இழுத்துப் பிடிக்கும் கையின் நீளத்தை. ஷிமானோ 105 ஆர்7000 என்றால் குட்டைக் கூண்டு 30 பல் வரைக்கும்தான் தாங்கும். நடுத்தரக் கூண்டுதான் 34 வரை போகும். குட்டைக் கூண்டோடு வந்தால், டெரெய்லரை ஃபிரேமில் தாங்கும் ஹேங்கரில் ஒரு துண்டு இரும்பை நீட்டி ஒப்பேற்ற மாட்டோம், டெரெய்லரையே மாற்றுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். செலவு கூடும். ஆனால் சரியான பேச்சு. பெரிய பல்சக்கரத்துக்கும் சிறியதுக்கும் முன்னால் 16 பல் வித்தியாசம், பின்னால் 23, கூட்டினால் 39. நடுத்தரக் கூண்டின் முழுக் கொள்ளளவே அதுதான். ஒப்பேற்றுவதற்கு அங்கே இடமில்லை.

அடுத்து, வேறு கடைகளில் தவறுகிற ஒரு நுணுக்கம். பின்னால் 11 கியர் உள்ள 11 ஸ்பீடு சைக்கிளில் 11-34 கேசட்டாக (பின் பல்சக்கர அடுக்கு) அதிகம் போடுவது ஷிமானோவின் எச்.ஜி.800. அது பழைய 10 ஸ்பீடு அகலத்துக்கு வடிவமைத்தது. அதை 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளை) மாட்டும்போது பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்று போட வேண்டும். மோதிரம் மாதிரி மெல்லிசாக, கேசட் பெட்டிக்குள்ளேயே வரும். தேவையில்லாத பாக்கிங் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். போடாமல் முறுக்கினால், கேசட்டை இறுக்கும் லாக்ரிங் கடைசிவரை இறுகியது போலத் தெரியும். ஆனால் கேசட்டைக் கையால் பிடித்து ஆட்டினால் கடகடக்கும், கியரும் எந்த டியூனிங்குக்கும் நிற்காது. இந்தப் பட்டறையில் வளையத்தைப் போட்டு, 40 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கி, கேசட்டை ஆட்டியும் காட்டுகிறார்கள்.

செயினும் புதிது. பழைய செயினோடு புதுப் பல் போட்டால் இரண்டு மாதத்தில் இரண்டும் போகும். தவிர, 28 பல்லுக்கு வெட்டிய செயின் 34-க்குக் குட்டை. முன் பெரிய பல், பின் பெரிய பல் மேல் டெரெய்லர் இல்லாமல் சுற்றி, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்டுகிறார்கள். டெரெய்லரின் பி-ஸ்குருவைத் திருப்பி, அதன் மேல் புல்லிக்கும் (செயின் ஓடும் சின்னச் சக்கரம்) 34 பல்லுக்கும் நடுவே சுமார் 6 மி.மீ. இடைவெளி வைக்கிறார்கள். இடைவெளி குறைந்தால் கரகரவென்று உரசும், கூடினால் கியர் சோம்பும்.

ஓவராயிலில் ஊர் அனுபவம் தெரிகிறது. நம் உப்புக்காற்று வெளியே காட்டாமல் உள்ளே தின்னும். சீட் போஸ்ட் ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும், ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் அலுமினிய நிப்பிள் பூத்துப்போகும். இவர்கள் சீட் போஸ்ட்டை உருவி, அலுமினியம் என்றால் கிரீஸ், கார்பன் என்றால் அதற்கான பேஸ்ட் தடவி மாட்டுகிறார்கள். ஸ்டீயரிங் பேரிங்கைக் கழற்றிப் பார்க்கிறார்கள். வீல் பெண்டு எடுக்கும்போது பூத்த நிப்பிளை மாற்றுகிறார்கள். கியர் கேபிளைக் கேட்காமலேயே மாற்றுவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 11 ஸ்பீடு ஷிஃப்டரில் கேபிளின் தலைக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நூல் நூலாகப் பிரியும். அறுந்தால் பின் கியர் 11 பல்லில் போய் உட்கார்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரெஞ்சுக் கிராமத்தில் திறந்த கடை எதுவும் கிடைக்காது.

டயர் விஷயத்தில் இவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்தே வாழ்ந்த ஊர்க்காரர்கள் ஆதலால், 25 மி.மீ.யில் தடித்த பஞ்சர் தடுப்பு டயரையே பரிந்துரைக்கிறார்கள், அதில் 110 பி.எஸ்.ஐ. காற்றும் அடிக்கிறார்கள். பிரான்சின் உள்சாலைகளில் நம் தார்ச்சாலை வழவழப்பு இல்லை. தார் ஊற்றி, மேலே ஜல்லி தூவி, உருட்டிய சொரசொரப்பு. 110-இல் ஓட்டினால் மணிக்கட்டும் பிட்டமும் மரத்துப்போகும். ஃபிரேமில் இடமிருந்தால் 28 அல்லது 30 கேளுங்கள். 75 கிலோ ஆளுக்கு 70 பி.எஸ்.ஐ. பக்கம் போதும். டயரைப் பிடிக்கும் விளிம்பு மடிப்பு (ஹூக்) இல்லாத ரிம் என்றால் 72.5-ஐத் தாண்டவே கூடாது. அங்கே ‘கிராவியோன்’ என்று பலகை பார்த்தால் புது ஜல்லி உதிரியாகக் கிடக்கிறது என்று அர்த்தம். நம்மூரில் பிரெஞ்சுப் பெயர்ப்பலகை படித்த பழக்கம் இங்கே உதவும்.

வாடகைக்கு அங்கேயே எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். ஆனால் அங்கே முன் பிரேக் பெரும்பாலும் இடது கையில் இருக்கும், நமக்கு வலது. ஈர இறக்கத்தில் கை பழக்கத்துக்குத்தான் போகும். அதற்காகவே சொந்த சைக்கிளைத் தூக்கிப் போவது தேவலை.

இனி பெட்டி. இங்கேதான் பாஸ் மார்க். மிதிகளைக் கழற்றி (இடது மிதிக்குத் தலைகீழ் மரை), டெரெய்லரை ஹேங்கரிலிருந்து எடுத்து குமிழ்த் தாளில் சுற்றி, ஹேண்டில்பார் கோணத்துக்கு டேப்பில் குறி வைப்பது எல்லாம் சுத்தம். ஆனால் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கின் பேட்களுக்கு நடுவே போட வேண்டிய பிளாஸ்டிக் தகட்டை விட்டுவிடுகிறார்கள். வீல் இல்லாதபோது பயணத்தில் லீவர் ஒருமுறை அழுந்தினாலும் பிஸ்டன் இரண்டும் நெருங்கிவிடும். பிறகு ஹோட்டல் அறையில் டிஸ்க் உள்ளே போகாது. பிளாஸ்டிக் டயர் லீவரால் மெதுவாகத் தள்ளிச் சரிசெய்யலாம்தான். ஆனால் பத்து ரூபாய் பெறாத தகட்டை விட்டதற்கு இந்தப் பாடு எதற்கு? ஃபோர்க் முனைக்கு நடுவே முட்டுக் குச்சியும் கேட்டால்தான் போடுகிறார்கள். டிஸ்க்குகளைக் கழற்றித் தனியாக வைக்கச் சொல்லுங்கள். வீலோடு விட்டால் வளையும்.

இன்னொன்று, பெட்டி அளவு. கடையில் புது சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியையே தருகிறார்கள். விமானத்துக்கு ஓடிவிடும், பெரும்பாலும் 23 கிலோவுக்குள்ளும் நிற்கும். ஆனால் அதிவேக ரயிலான தே.ஜே.வே.யில் கழற்றிய சைக்கிளின் பைக்கு 130க்கு 90 செ.மீ.தான் அனுமதி, இந்த அட்டைப்பெட்டி அதைவிட நீளம். பாரீஸ் மோன்பர்னாஸிலிருந்து ராம்புயே போகும் உள்ளூர் ரயில் வேறு கதை. பிரெஸ்டிலோ லியோனிலோ உறவினர் வீட்டுக்கும் போகிற திட்டமிருந்தால் துணிப்பை கொண்டுபோய் அதில் கட்டச் சொல்லுங்கள், கட்டுகிறார்கள். காற்று அடிக்கும் சி.ஓ.2 சிலிண்டரைப் பெட்டியில் வைக்க வேண்டாம், கைப்பம்பே போதும். விளக்கின் உபரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். இரண்டையும் அவர்கள் சொல்வதில்லை.

கூலி, நல்ல கேசட்டும் செயினும் வாங்கும் விலையைவிடக் குறைவு. செய்கிற வேலைக்கு நியாயம். கிளம்ப மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். புதுக் கேபிள் கொஞ்சம் நீளும், 200 கி.மீ. ஓட்டியபின் ஒரு தடவை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். அதைக் கூலி இல்லாமலே செய்து தருகிறார்கள். செஞ்சிப் பக்கம் போய் ஏதாவது ஓர் ஏற்றத்தில் 34 பல் ஏறுகிறதா, செயின் ஸ்போக் பக்கம் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்பேர் ஹேங்கர் ஒன்றையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம், அவர்களிடம் இல்லாவிட்டால் வரவழைக்க நாளாகும். பெட்டி கட்டும் நாளில் மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள், பேட் தகட்டைக் கண்ணால் பார்த்த பிறகு டேப் ஒட்டட்டும்.