விருது தர்றோம்னு போன் வந்தா உஷார்: 68,100 ரூபா கொடுத்து நான் வாங்குன கேரம் கப்பு

வயித்தெரிச்சல்ல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. விருது தர்றேன்னு என்கிட்ட பணம் வாங்குன ஆளு நேத்து சாயங்காலம்தான் என் நம்பரை பிளாக் பண்ணான். 68,100 ரூபா. திரும்ப சொல்றேன், அறுபத்தெட்டாயிரத்து நூறு. அதுல வண்டி வாடகை, லாட்ஜு, உடைஞ்ச கல்லு எதுவும் சேர்த்தி இல்ல.

எங்களுக்கு ஆத்தங்குடி பக்கம் பூக்கல்லு பட்டறை. அப்பா, நான், கூட மூணு பேரு. வெளியூர்ல ஆத்தங்குடி டைல்ஸ்னு சொல்லுவாங்களே அதேதான். கண்ணாடி மேல இரும்பு சட்டத்தை வச்சு, உள்ள டிசைன் அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் கலந்த சிமெண்ட்டை கரண்டியால ஊத்தி, அச்சை அலுங்காம தூக்கி, மேல காஞ்ச மணலும் சிமெண்ட்டும் தூவி, அப்புறம் கலவைய போட்டு மட்டம் பண்ணி, காயவச்சு, தண்ணி தொட்டியில ஊறப்போட்டு எடுக்குற வேலை. அடுப்பு கிடையாது, சூளை கிடையாது, ஒரு இடத்துலயும் நெருப்பே படாது. இதை ஏன் இவ்வளவு விளக்குறேன்னு பின்னாடி தெரியும்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. சார் நீங்க சிறந்த கைவினை தயாரிப்பாளர் விருதுக்கு செலக்ட் ஆகியிருக்கீங்க, வாழ்த்துக்கள் சார்னு. யாரும்மா செலக்ட் பண்ணதுன்னு கேட்டேன், ஜூரி சார்னு சொல்லுச்சு. எங்க பட்டறைக்கு எந்த ஜூரி வந்துச்சு? கட் பண்ணிட்டேன். மறுபடி வந்துச்சு, மறுபடி கட் பண்ணேன். அதோட விட்டிருந்தா இன்னைக்கு இந்த பதிவே இல்ல. மூணாவது தடவை ஆளே நேர்ல வந்துட்டான்.

கம்பெனி பேரு போடல, தெரிஞ்ச வக்கீல் போடாதன்னு சொல்லிட்டாரு. சென்னையில எக்ஸ்போ நடத்துற ஈவன்ட் கம்பெனி, அவ்வளவுதான். வந்தவன் வெள்ளை சட்டை, கழுத்துல டேக். செருப்பை வாசல்லயே கழட்டிட்டு வந்து தரையில, அப்பாவுக்கு பக்கத்துல உக்காந்தான். எங்க ஆயா வீடும் கானாடுகாத்தான்தான் அண்ணேன்னான். அம்மா வெள்ளைப் பணியாரம் சுட்டு வச்சிருந்துச்சு, மிளகாய் சட்னியோட நாலு தின்னான். தின்னுட்டு அப்பா மஞ்சள் ஊத்துறதையே பார்த்துக்கிட்டு இருந்தவன் மெதுவா கேட்டான், ஐயா எத்தனை வருஷமா இந்த வேலைன்னு. அப்பா, கெடக்கும் ஒரு நாப்பத்தஞ்சு வருஷம்னாரு. இத்தனை வருஷத்துல யாராச்சும் உங்களுக்கு ஒரு பேப்பராவது கொடுத்திருக்காங்களா ஐயான்னான்.

அப்பா பதில் சொல்லல. ஊத்துன மஞ்சள் கட்டத்தைத் தாண்டி சிவப்புக்குள்ள ஒழுகிருச்சு. அவரு கையில அப்படி ஒழுகி நான் பார்த்ததே இல்ல.

அங்கதான் நான் விழுந்தேன். கானாடுகாத்தான்ல பள்ளத்தூர்ல எத்தனை பெரிய வீட்டு தரை எங்க ஆளுங்க போட்டது, வர்றவன் போறவன் எல்லாம் குனிஞ்சு போட்டோ எடுக்குறான், பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள்னு கைடு ஒப்பிக்கிறான், இந்த கல்லை ஊத்துனவன் பேரு எந்த சுவத்துல இருக்கு? அவன் என்கிட்ட எக்ஸ்போ ஸ்டால் விக்கல. எங்க அப்பாவுக்கு மேடையில பொன்னாடையை வித்தான், நான் வாங்குனேன்.

ஃபைலை எடுத்து காட்டுனான். மேல சிங்க முத்திரை, பக்கத்துல எம்எஸ்எம்இ, அதாவது சிறு தொழில் துறை லோகோ, நாங்க மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம்னு ஒரு சர்டிபிகேட். நந்தம்பாக்கம் டிரேட் சென்டர் மாதிரி பெரிய ஏசி ஹால் போட்டோ. வெளிநாட்டு பையர் 200 பேரு வர்றாங்களாம். ஸ்டால் 45,000, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 8,100, விருதுக்கு பிராசஸிங் 15,000. மொத்தம் 68,100. அட்வான்ஸ் 20,000 அப்பவே ஜிபேல அனுப்புனேன், கம்பெனி பேரு வரல, ஏதோ ஒரு லேடி பேரு வந்துச்சு. கேட்டதுக்கு, அக்கவுண்ட்ஸ் மேடம் அண்ணேன்னான். நானும் ஓ சரின்னுட்டேன். என்னை செருப்பால அடிக்கணும்.

வேன் பிடிச்சு 40 கல்லை வைக்கோல் போட்டு அடுக்கி ராத்திரியெல்லாம் ஓட்டிட்டு போனா, ஹால் இல்ல, சென்னைக்கு வெளிய ஒரு கல்யாண மண்டபம். முதல்நாள் கல்யாணத்து வாழைமரம் கூட அவுக்கல. நம்ம கல்லு ஒண்ணு மூணு கிலோ பக்கம் வரும், மரத்துல டிஸ்ப்ளே ஸ்டாண்டு வேணும்னு மூணு தடவை சொல்லியிருந்தேன், கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் டேபிள். பன்னெண்டு கல்லு வச்சேன், நடுவுல தொட்டில் மாதிரி தொங்கிருச்சு. பதிமூணாவதை வச்சதும் கால் மடங்கி மொத்தமா சரிஞ்சு ஆறு கல்லு தூள். அதுல ஒண்ணு மயில் டிசைன், அப்பா தனியா இதுக்குன்னே போட்டது.

பையர்னு ஒருத்தன் வரல. ரெண்டாவது நாள் ஒரு காலேஜ் பஸ் வந்துச்சு, பிள்ளைங்க வந்து செல்ஃபி எடுத்துட்டு பக்கத்து ஸ்டால்ல சாம்பிள் முறுக்கை காலி பண்ணிட்டு போயிருச்சுங்க. பக்கத்து ஸ்டாலும் நம்ம காரைக்குடி அக்காதான், சீப்பு சீடை, தேன்குழல், மாவுருண்டை எல்லாம் கொண்டு வந்திருந்தாங்க. எதிர்ல கண்டாங்கி சேலை ஸ்டால் போட்ட ஒரு அண்ணன். பேசி பார்த்தா மூணு பேருக்கும் ஆயா வீடு கானாடுகாத்தான் கதைய சொல்லியிருக்கான். மூணு பேருக்கும் விருது.

மூணு பேருக்கா? அங்க இருந்தது அறுபது ஸ்டால் சொச்சம், விருது எண்பதுக்கு மேல. ஸ்டாலே போடாம விருதுக்கு மட்டும் பணம் கட்டுனவங்க நேரா மேடைக்கு வந்து வாங்கிட்டு போறாங்க. அப்பா வெள்ளை வேட்டி சட்டையில, ரேஷன் கடை மாதிரி வரிசையில ரெண்டு மணி நேரம் நின்னாரு. மேடையில ஒருத்தருக்கு பத்து செகண்டு. போர்த்துன துண்டை கீழ இறங்குற இடத்துல ஒரு பையன் வாங்கி மடிச்சு திரும்ப மேல அனுப்புறான், என் கண்ணால பார்த்தேன். மைக்குல பேரை தப்பா சொன்னாங்க. அப்பா என்னை பார்த்து, ஏன்டா தம்பி, நம்மளத்தான் கூப்பிட்டாகளான்னு கேட்டாரு.

சர்டிபிகேட்டை பிரிச்சு பார்த்தா "சிறந்த செராமிக் டைல்ஸ் ஏற்றுமதியாளர்"னு போட்டிருக்கு. செராமிக்னா களிமண்ணை சூளையில சுடுறது. நாங்க நெருப்பே காட்டாதவங்க. ஏற்றுமதின்னா இந்நாள் வரைக்கும் புதுக்கோட்டை, மதுரை, அதிகபட்சம் பெங்களூரு.

கப்பு வீட்டுக்கு வந்ததும் அடியில ஒட்டுன தங்க கலர் ஸ்டிக்கர் ஒரு ஓரமா தூக்கிட்டு நின்னுச்சு. நகத்தால சுரண்டுனேன். உள்ள இன்னொரு ஸ்டிக்கர். கேரம் போட்டி, இரட்டையர் பிரிவு, இரண்டாம் இடம். 68,100 ரூபாய்க்கு கேரம்ல ரெண்டாவது பரிசு, அதுவும் ரெண்டு பேருக்கு சேர்த்து.

போன் போட்டா ஆரம்பத்துல எடுத்தான். அண்ணே சாரிண்ணே, பிரிண்டிங் மிஸ்டேக், மாத்தி கூரியர் பண்றேன்னான். அடுத்த வாரம் கேட்டா, எம்டி டெல்லியில இருக்காருன்னான். அதுக்கடுத்து, அக்கவுண்ட்ஸ்ல பேசுங்கன்னான். அக்கவுண்ட்ஸ்ல ஒரு ஆளு, சார் டெர்ம்ஸ்ல நான்-ரீஃபண்டபிள்னு இருக்கு நீங்க படிக்கலையான்னாரு. எந்த டெர்ம்ஸ், எனக்கு யாரும் தரலயேன்னா, வெப்சைட்ல இருக்கு சார். ஜிஎஸ்டி பில்லாவது கொடுங்கன்னு பத்து நாள் கெஞ்சுனதுக்கு வாட்ஸப்புல ஒரு பில்லு வந்துச்சு. ஆடிட்டர் பார்த்துட்டு சிரிச்சாரு. ஜிஎஸ்டி நம்பர்னா 15 எழுத்து இருக்கணும்பா, இதுல 14 தான் இருக்குன்னாரு. அப்ப அந்த 8,100 யாரு வீட்டுக்கு போச்சு? கடைசியா அதே வெள்ளை சட்டை சொன்னது, அண்ணே பணம் திரும்ப வராது, வேணும்னா அடுத்த எக்ஸ்போல பாதி விலைக்கு நேஷனல் அவார்டு அட்ஜஸ்ட் பண்ணி தர்றேன். நேத்து நான் கொஞ்சம் சத்தமா பேசிட்டேன், பிளாக்.

அந்த மத்திய அரசு அங்கீகாரம் என்னன்னு தெரியுமா? உத்யம் பதிவு, சின்ன தொழில் பண்றவங்களுக்கான பதிவு. ஆதாரை வச்சு ஆன்லைன்ல யாரு வேணாலும் காசில்லாம எடுக்கலாம். அதே பேப்பர் என் மேஜை டிராயர்ல என் பட்டறை பேர்ல கிடக்குது! அப்ப நானும் மத்திய அரசு அங்கீகாரம் பெற்றவன்தான், நாளைக்கே நாலு பேருக்கு விருது கொடுக்கலாம் போல.

கண்டாங்கி அண்ணன்தான் திரும்பி வர்றப்ப சொல்லிட்டு வந்தாரு. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது, அது யாரும் போன் பண்ணி கொடுத்ததில்ல தம்பி, விண்ணப்பம் போட்டு, ஆதாரம் காட்டி, அதை ஜர்னல்ல போட்டு யாருக்காவது ஆட்சேபம் இருக்கான்னு மாசக்கணக்குல காத்திருந்து வர்றது, அதெல்லாம் தெரிஞ்சும் நான் இங்க வந்து ஏமாந்தேன் பாருன்னாரு. அவரு பாவம் அங்கயே இன்னொரு 6,500 கட்டியிருக்காரு, மூணு நாள்ல ஐஎஸ்ஓ சர்டிபிகேட்னு. ஐஎஸ்ஓங்கிற அமைப்பு ஜெனீவாவுல உக்காந்து தரநிலை எழுதுறதோட சரி, யாருக்கும் சர்டிபிகேட் கொடுக்குறதே இல்லயாம், வேற ஆடிட் கம்பெனிங்கதான் கொடுக்குறது, அதுக்கும் வந்து பட்டறைய பார்க்கணும். இவனுங்க யாரையும் பார்க்கல.

என்ன செய்யணும்னு விளக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன், நேரம் இல்ல, சுருக்கமா சொல்லிர்றேன். விருதுக்கு பணம் கேட்டா அது விருதில்ல, பில்லு. ஒழுங்கான கண்காட்சியில கலந்துக்கிட்டதுக்கு சும்மாவே ஒரு சான்றிதழ் தருவாங்க, சிறந்த ஸ்டால் பரிசுன்னா ஆளு வந்து சுத்தி பார்த்துட்டுத்தான் கொடுப்பாங்க, வீட்டுக்கு வந்து முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க. தனி ஆள் பேருக்கு ஜிபே பண்ணாதீங்க. ஜிஎஸ்டி நம்பரை ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டு பாருங்க, ரெண்டு நிமிஷம்தான், தமிழ்நாட்டு நம்பர்னா 33ல ஆரம்பிக்கும். மண்டபத்துக்கு நீங்களே போன் போட்டு அந்த தேதிக்கு புக்கிங் இருக்கான்னு கேளுங்க. ஸ்டால் போடணும்னா முதல்ல சிவகங்கை மாவட்ட தொழில் மையத்துல கேளுங்க, சின்ன தொழிலுக்கு ஸ்டால் வாடகையில மானியம் எல்லாம் இருக்கு. ஏற்கனவே ஏமாந்திருந்தா 1915க்கு பேசுங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன். நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடப்போறேன், 5 லட்சத்துக்குள்ளன்னா பீஸ் கிடையாது. வியாபாரத்துக்கு வாங்குனதுன்னு தள்ளப் பார்ப்பாங்களாம், ஆனா பிழைப்புக்கு சுயதொழில் பண்றவனுக்கு விலக்கு இருக்குன்னு வக்கீல் சொல்றாரு, பார்ப்போம். அந்த எக்ஸ்போவுல ஸ்டால் போட்ட வேற யாராச்சும் இதை படிச்சா இன்பாக்ஸ்ல வாங்க, சேர்ந்து போடலாம்.

தொட்டியில இருந்து கல்லு எடுக்கணும், அப்பா கூப்பிடுறாரு. இன்னொண்ணு, அவருகிட்ட மொத்தமே 20,000 தான்னு சொல்லி வச்சிருக்கேன். கப்பை சாமி ரூம்ல வச்சிருக்காரு, ஸ்டிக்கரை நான் திரும்ப ஃபெவிகுயிக் போட்டு ஒட்டிட்டேன். நம்ம ஊர்க்காரங்க யாராச்சும் படிச்சீங்கன்னா அவருகிட்ட எதையும் உளறிராதீங்க.