ஹிந்தி ஊத்தா, கம்போடி ஊத்தா?

வளைகுடா அத்தர் கடைகளில் ஊத் எண்ணெய், அதாவது அகில் கட்டையிலிருந்து வடித்த வாசனை எண்ணெய் கேட்டால், முதல் கேள்வி இதுதான். அளவு தோலா கணக்கில்; ஒரு தோலா 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதன் விலை தலைசுற்ற வைக்கும். கால் தோலா போதும்.

ஹிந்தி என்பது அஸ்ஸாம் பக்கத்து அகில். கட்டையை வாரக்கணக்கில் நீரில் ஊறப்போட்டுப் புளிக்கவிட்டு வடிப்பார்கள். அதனால் பூசியதுமே மாட்டுத்தொழுவ வாடை தூக்கும். (முதல்முறை நான் கையைக் கழுவிவிட்டேன்.) அரை மணி நேரம் பொறுத்தால் பதனிட்ட தோல், புகை, மசாலா என்று மெல்ல விரியும். பிறர் முகம் சுளிப்பதைப் பொருட்படுத்தாத, குறைவாகப் பேசும் ஆளுக்கு இது பொருந்தும். அவசரக்காரர்களுக்குச் சரிவராது.

கம்போடி, அதாவது கம்போடியா அகில், பழமும் தேனும் கலந்த இனிப்பு. பார்த்தவுடன் சிநேகமாகும் கலகலப்பான ஆள் மாதிரி. ஆனால் இன்று அந்தப் பெயர் பல நேரம் வாசனைப் பாணியைத்தான் குறிக்கிறது, மரம் தாய்லாந்துடையதாகவும் இருக்கலாம்.

மணத்தை வைத்து ஆளை எடைபோடுவது பாதி விளையாட்டுதான். புதிதாகத் தொடங்குபவருக்குக் கம்போடி. என் ஓட்டு ஹிந்திக்கு, பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும். லிஃப்டில் மட்டும் வேண்டாம்.