துப்பாக்கி பேரலில் மரை வெட்டக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் வேட்டைக்குப் போகும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். சப்ரஸருக்கு, அதாவது சுடும் சத்தத்தைக் குறைக்க பேரல் நுனியில் மாட்டும் குழாய்க்கு, 1934-ன் மத்திய துப்பாக்கிச் சட்டம் விதித்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. படிவமும் கைரேகையும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனாலும் இதுவரை வாங்காதவர்கள்கூட இப்போது வாங்குகிறார்கள். அதை மாட்ட பேரல் நுனியில் மரை, அதாவது திருகுப் புரி, வேண்டும். நான் ஏமாந்தது அந்த மரையில்தான்.

டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்கு என்று வாங்கிய .308 ரைஃபிள் (குண்டின் விட்டம் 0.308 இஞ்ச்), 22 இஞ்ச் பேரல். நாள் முழுக்கத் தூக்கி நடக்க வேண்டும் என்பதால் மெலிந்த பேரலாகப் பார்த்து வாங்கினேன். சப்ரஸருக்கு விண்ணப்பித்த கையோடு ரைஃபிளை ஒரு கடையில் கொடுத்தேன். தினமும் செய்கிற வேலைதான் என்றார்கள். பேரலை யாரும் அளந்துகூடப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

.308-க்கு வழக்கமான மரை 5/8 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 சுற்று. 5/8 என்றால் 0.625. பிறகு வீட்டில் விட்டம் அளக்கும் கருவி வைத்துப் பார்த்தபோது என் பேரல் நுனி 0.585தான். இல்லாத இரும்பில் மரை எங்கிருந்து வரும்? அதைச் சொல்லி ரைஃபிளைத் திருப்பித் தந்திருக்க வேண்டும். அவர்களோ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அரை இஞ்ச், 28 சுற்று மரையை வெட்டிவிட்டார்கள். மரையின் அடிப்பள்ளத்துக்கும் துளைக்கும் நடுவே மிஞ்சிய இரும்பு 2 மில்லிமீட்டர்கூட இல்லை.

அதைவிட எனக்குப் பதறியது வேறு. அந்த அளவு மரை பெரும்பாலும் .22 துளைத் துப்பாக்கிகளில் வருவது. .22 சப்ரஸர் ஒன்றை எடுத்து இதில் திருகினால் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். .308 குண்டு அதற்குள் நுழையவே இடமிருக்காது. என் மகனும் என்னோடு சுட வருகிறான். அவசரத்தில் மாற்றி மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சப்ரஸர் வரும்வரை இருக்கட்டும் என்று அவர்களே ஒரு மசில் பிரேக்கையும் (சுடும்போது பின்னுதைப்பைக் குறைக்க நுனியில் மாட்டுவது) என் தலையில் கட்டினார்கள். அதை மாட்டி 100 கஜத்தில் சுட்டேன். முன்பு ஒரு இஞ்சுக்குள் விழுந்த குண்டுகள் நாலு இஞ்சுக்குச் சிதறின. பிரேக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே ஒரு பக்கம் மட்டும் நகக்கீறல் போல செம்புக் கோடு. குண்டு உரசிக்கொண்டு போயிருக்கிறது. சப்ரஸராக இருந்தால் உள்தடுப்புகள் பிய்ந்திருக்கும்.

வேறொரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் போனேன். துளைக்குள் நேர்கம்பியை விட்டு, பிரேக்கின் வாயில் அது எங்கே வருகிறது என்று காட்டினார். நடுவில் இல்லை, ஒரு சுவரை ஒட்டியே நின்றது. பேரலின் வெளிப்புறமும் துளையும் எப்போதும் ஒரே மையத்தில் இருக்கும் என்று நம்பக் கூடாதாம். லேத்தில் மாட்டும்போது துளைக்குள் கம்பி விட்டு, டயல் அளவி வைத்து ஆட்டம் பார்த்து, துளையை மையமாகக் கொண்டுதான் மரை வெட்ட வேண்டும். இவர்கள் வெளிப்புறத்தைப் பிடித்தே வெட்டியிருக்கிறார்கள் என்றார். நுனி விளிம்பிலும் பிசிறு இருந்தது. குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அது.

மறுபடி மரை போட இந்தப் பேரலில் இடமில்லை, சப்ரஸர் சாய்ந்துகொள்ளத் தோள் (மரைக்குப் பின்னால் உள்ள விளிம்பு) கிடைக்காது என்று அவரே சொல்லிவிட்டார். முக்கால் இஞ்சை வெட்டி எறிந்து, நுனியைப் புதிதாகக் கடைந்து தந்தார். ரைஃபிள் பேரல் 16 இஞ்சுக்குக் கீழே போனால் சட்டச் சிக்கல். எனக்கு 21 சொச்சம் இருப்பதால் தப்பித்தேன். இப்போது மறுபடி ஒரு இஞ்சுக்குள் விழுகிறது.

முதல் கடை கூலியை மட்டும் திருப்பித் தந்தது. பிரேக்குக்கும் இரண்டாவது வேலைக்கும் ஆன செலவு என் தலையில்தான். கொடுக்கும் முன் நீங்களே நுனியை அளந்துவிடுங்கள். எந்த மரை, எதை மையமாக வைத்து வெட்டுவீர்கள் என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் ரைஃபிளைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். மெலிந்த பேரல் வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிட்டு, தொழிற்சாலையிலேயே மரை போட்டு வரும் ரைஃபிளாகப் பார்ப்பது நல்லது. நானும் இப்போது அதைத்தான் தேடுகிறேன்.