ஃபோகஸ் மோட்: நல்ல பூட்டுதான், சாவி கதவிலேயே தொங்குகிறது

கவனம் சிதறாமல் வேலை பார்க்கத் தனிச் செயலிக்குச் சந்தா கட்டும் முன், ஆண்ட்ராய்டு போனிலேயே இலவசமாக இருக்கும் ஃபோகஸ் மோடைப் பயன்படுத்திப் பாருங்கள். கூகுள் 2018-இல் அறிவித்த டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில் இது அடுத்த ஆண்டு சேர்ந்தது.

செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்து, ஃபோகஸ் மோடில் உங்களை இழுக்கும் செயலிகளை டிக் செய்யுங்கள். இயக்கியதும் அவற்றின் ஐகான்கள் சாம்பல் நிறமாகும். மோடை நிறுத்தும்வரை அவற்றின் அறிவிப்புகள் வராது. கிழமையும் நேரமும் குறித்து ஷெட்யூல் போட்டுவிடுவது முக்கியம். கையால் இயக்கிக்கொள்ளலாம் என்று விட்டால், மனம் அலைபாயும் நாளில்தான் மறந்துபோகும்.

வாட்ஸ்அப்பைச் சேர்க்காதீர்கள். அதில் வரும் அவசர அழைப்பும் தவறிப்போகலாம். குரூப்களை மட்டும் மியூட் செய்தால் போதும். ஒரு செயலிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு போடும் ஆப் டைமர் ஃபோகஸ் மோடுக்கு மாற்றாகாது: அது ஒரு நாளின் மொத்த நேரத்தைத்தான் கணக்கிடும், வேலை நேரம் எது என்று அதற்குத் தெரியாது.

பெரிய குறை, 'டேக் எ பிரேக்' பொத்தான். நிறுத்திய செயலிகளை 5, 15, 30 நிமிடம் என்று எளிதாகத் திறந்துவிடுகிறது. 5 நிமிடம்தானே என்று நினைக்க வேண்டாம். வேலை மாறினாலும் கவனத்தின் ஒரு பகுதி முந்தையதிலேயே தங்கிவிடுகிறது என்று மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். ஒரு வாக்குவாதத்தைப் படித்துவிட்டுத் திரும்பினால், கண் கோப்பில் இருக்கும், மனம் பதில் யோசித்துக்கொண்டிருக்கும். இன்னொரு ஓட்டை பிரவுசர். யூடியூப் செயலியை நிறுத்தினாலும் குரோமில் அதே தளம் திறக்கும். குரோமையே நிறுத்தினால் வேலை கெடும் என்பவர்கள், அந்தத் தளங்களில் லாக் அவுட் செய்து, சேமித்த பாஸ்வேர்டையும் நீக்கிவிடலாம்.

வெளியிலிருந்து வரும் தொல்லையை மட்டுமே ஃபோகஸ் மோட் நிறுத்தும். கட்டாத கரண்ட் பில்லும் அனுப்பாத பதிலும் உள்ளிருந்தே எழும். அதற்கு மேசையில் ஒரு காகிதம் வேண்டும். உளவியலாளர்கள் மஸிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிக்காத வேலைக்குத் திட்டவட்டமான ஏற்பாடு எழுதியவர்களுக்கு அதைப் பற்றிய நினைப்பு குறுக்கிடுவது குறைந்தது. ஆகவே 'கரண்ட் பில்' என்று மட்டும் குறிக்காமல், 'கரண்ட் பில், மாலை 6 மணி, சாப்பிடும் முன், போனிலேயே' என்று எழுதுங்கள். நேரம் குறிக்காத வரி மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்துகொண்டேயிருக்கும்.