ஊருக்குப் பக்கத்தில் எது: அணு உலையா, காற்றாலையா?

திருநெல்வேலி மாவட்டத்தில் ராதாபுரம், பணகுடிப் பக்கம் இந்தக் கேள்வி ஓயவே இல்லை.

மின்சாரம்:
உலை: கூடங்குளத்தின் முதல் இரண்டும் தலா 1000 மெகாவாட், பராமரிப்பு நாள் போக ராப்பகல் ஓடும்.
காற்றாலை: ஆனி, ஆடியில் சுழன்றடிக்கும்; காற்று ஓய்ந்தால் நிற்கும்.

ஆபத்து:
உலை: விபத்து அரிது, நடந்தால் ஊரையே காலி செய்யணும்.
காற்றாலை: இறக்கை முறிந்தாலும் சேதம் அந்த வயலோடு சரி.

நம்பிக்கை: எனக்கு இதுதான் முக்கியம். காற்றாலையைக் கண்ணால் பார்க்கலாம். உலைக்குள் நடப்பதை அதிகாரி சொல்லித்தான் தெரியும். 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தைப் பார்த்துப் பதறிப் போராடிய, கூடங்குளத்துக்குப் பக்கத்து இடிந்தகரை மக்களிடம் உட்கார்ந்து பேசாமல் வழக்குப் போட்டால் பயம் போகுமா? அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயலும்படி 2013-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

விடாத மின்சாரம்தான் தேவை என்றால் உலை. ஆனால் கதிர்வீச்சு அளவை ஊர்ப் பலகையில் தமிழில் தினமும் எழுதுங்கள். யாரையும் நம்பச் சொல்லாமல் ஓட வேண்டுமென்றால் காற்றாலை.