ரோட்டரி கட்டரில் ஷியர் போல்ட்: பல வருடம் ஓட்டிய பிறகு சொல்ல வேண்டியவை

என்னிடம் இருப்பது ஐந்தடி அகல ரோட்டரி கட்டர். டிராக்டருக்குப் பின்னால் மூன்று முனையில் மாட்டி, பிடிஓவை (எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றில் விட்டு ஓட்டுகிற, தகட்டுக்கு அடியில் கத்தி சுழன்று வெட்டுகிற சாதாரண ரகம். புதர், முள்செடி, இடுப்பளவு வளர்ந்த புல் என்று எல்லாவற்றிலும் விட்டு ஓட்டியாகிவிட்டது. இத்தனை வருடத்தில் கத்தி மாற்றியிருக்கிறேன், வால் சக்கரம் மாற்றியிருக்கிறேன், மேல் தகடு இரண்டு இடத்தில் வெல்டிங் பார்த்தது. கியர்பாக்ஸை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. அதற்குக் காரணம் கியர்பாக்ஸின் தரம் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் அரை அங்குல ஷியர் போல்ட்தான் காரணம். விசை அளவு மீறினால் தான் முதலில் உடைந்து மற்றதைக் காப்பாற்றுகிற போல்ட் அது.

டிராக்டரிலிருந்து வரும் ஷாஃப்டின் கடைசி யோக் (கவை மாதிரியான இணைப்புத் துண்டு), கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மேல் வழவழப்பாக உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் குறுக்கே ஒரே ஓட்டை, அதில் ஒரே போல்ட். மொத்த சக்தியும் அதன் வழியாகத்தான் போகிறது. 40 குதிரைத்திறனை 540 சுற்றில் கடத்தினால் ஷாஃப்டில் வரும் முறுக்கு விசை சுமார் 530 நியூட்டன் மீட்டர். இதை அந்த போல்ட் நாள் முழுக்கத் தாங்கும். ஆனால் கியர்பாக்ஸ் வேகத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. கத்தி நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்தடி வட்டத்தில் அதன் நுனி ஓடும் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் புல்லுக்குள் மறைந்திருக்கும் அடிமரத்தில் கத்தி மாட்டி நின்றால், முன்னால் சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. அதைப் போல சில மடங்கு விசை ஒரு கண நேரத்தில் வந்து இடிக்கும். அது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஒன்று போல்ட் போகும், இல்லை கியர் பல் போகும்.

இதனால்தான் போல்ட் உடைந்ததும் "அண்ணே, இன்னும் நல்ல போல்ட்டா போட்டுடுங்க, அடிக்கடி இறங்க வேண்டியதில்லை" என்று யாராவது சொன்னால் காதில் வாங்கிக்கொள்வதில்லை. ஃபியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றி வைக்கிற வேலை அது. என் கட்டருக்குப் புத்தகத்தில் போட்டிருப்பது கிரேடு 2. தலையில் எந்தக் கோடும் இருக்காது. மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. கிரேடு 2-இன் இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 74,000 பவுண்டு, கிரேடு 8-க்கு 1,50,000. அதாவது இரண்டு மடங்கு. ஒருவர் கிரேடு 8 போட்டு ஓட்டியதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். போல்ட் உடையவே இல்லை. கியர்பாக்ஸை இறக்கியபோது எண்ணெயோடு பல் துண்டுகள் வந்தன. மில்லிமீட்டர் போல்ட் கேட்கிற கட்டர்களும் உண்டு. அவற்றில் சில கம்பெனிகள் 8.8 என்ற வலிமைத் தரத்தைக் கேட்கின்றன. பக்கத்து வண்டியில் இருக்கிறதே என்று எடுக்காமல், உங்கள் கட்டரின் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் வாங்குங்கள்.

அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அவசரத்துக்கு எம்12 போல்ட் கையில் கிடைக்கும், ஓட்டைக்குள் போகவும் செய்யும். ஆனால் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி விழும். டிராக்டர் சுமை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் போல்ட் அந்த இடைவெளிக்குள் அடிபட்டுக்கொண்டே இருக்கும். போல்ட் போனால் பரவாயில்லை, வேறு போட்டுக்கொள்ளலாம். ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டால் அப்புறம் எவ்வளவு சரியான போல்ட் போட்டாலும் அது சீக்கிரமே போகும்.

மரையையும் கவனிக்க வேண்டும். முழு நீளத்துக்கும் மரை வெட்டிய போல்ட் எனக்குப் பிடிக்காது. வெட்டு விழ வேண்டிய இடத்தில், அதாவது யோக்கும் ஷாஃப்டும் உரசும் அந்த இரண்டு இடத்திலும், வழவழப்பான உடல்தான் வர வேண்டும். மரை வந்தால் அதன் அடிப்பகுதி சிறியது என்பதால் போல்ட் தேவைக்கு முன்பே உடையும். போதாததற்கு மரையின் விளிம்பு அரம் மாதிரி ஓட்டையைத் தின்னும். கொஞ்சம் நீளமாக வாங்கி, நட்டுக்கு வெளியே மிஞ்சுவதை அறுத்துவிடுவதே மேல்.

உடைந்தது தெரிவதற்குப் பழக்கம் எதுவும் தேவையில்லை. ஒரு 'டக்', உடனே எஞ்சின் பாரம் இறங்கி இலேசாகும், வெட்டும் இரைச்சல் அடங்கும். அந்த நிமிடமே பிடிஓவை அணைக்க வேண்டும். இல்லையென்றால் யோக் ஷாஃப்ட் மேல் சும்மா சுற்றிச் சுற்றி இரண்டையும் கீறிவிடும். என் யோக்கில் இதற்கென்றே ஒரு கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிப்பவர்கள் கூட இதை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் சாதாரணமாக அங்கே எதுவும் சுற்றுவதில்லையே. போல்ட் போகும் அந்தச் சில விநாடிக்காகத்தான் அந்தக் கிரீஸ். அது காய்ந்து கிடந்தால் யோக் ஷாஃப்டோடு பற்றிக்கொள்ளும், பிறகு கழற்றவே புல்லர் வேண்டியிருக்கும்.

இறங்கும்போது கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம், போல்ட் போன பிறகு பிடிஓ ஷாஃப்டுக்கும் கத்திக்கும் தொடர்பே இல்லை. ஷாஃப்ட் நின்றுவிட்டது, அதனால் கத்தியும் நின்றிருக்கும் என்று நினைக்கக் கூடாது. மோதலுக்குப் பின்னும் கத்தி விடுபட்டிருந்தால் தன் வேகத்திலேயே நெடுநேரம் சுற்றும். கட்டரைத் தரையில் இறக்கு, பிடிஓவை விடு, எஞ்சினை அணை, சாவியைச் சட்டைப்பையில் போடு, காது கொடுத்துக் கேள். சத்தம் முழுக்க அடங்கிய பிறகே கிட்டே போவது. தகட்டுக்கு அடியில் தலையை விடுவதாக இருந்தால் கட்டை முட்டுக் கொடுக்காமல் விடக் கூடாது. ஹைட்ராலிக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை முட்டாகக் கணக்கில் எடுக்க மாட்டேன்.

மாற்றுவதற்கு 19 மில்லிமீட்டர் ஸ்பானர் இரண்டு, சுத்தியல், ஓட்டையை விடச் சற்று மெல்லிய பஞ்ச், ஓர் அரம். தலைப்பக்கத் துண்டும் நட்டுப்பக்கத் துண்டும் பெரும்பாலும் கையிலேயே வந்துவிடும். படுத்துவது ஷாஃப்டுக்குள் சிக்கிய நடுத்துண்டு. அதைத் தட்டி வெளியேற்ற, முதலில் யோக்கின் ஓட்டையும் ஷாஃப்டின் ஓட்டையும் நேருக்கு நேர் வர வேண்டும். நான் யோக்கிலும் ஷாஃப்டிலும் ஒரே நேர்கோடாகப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன், இருட்டிலும் தேடாமல் சேர்த்துவிடலாம். பிடிஓவுக்குத் தனி பிரேக் உள்ள டிராக்டரில் ஷாஃப்ட் கைக்குத் திரும்பாது. அப்போது டிராக்டர் பக்கம் இணைப்பைக் கழற்றிவிட்டுத் திருப்புவதே சுலபம். நடுத்துண்டின் ஓரத்தில் பிசிறு மடங்கி ஓட்டைவாயில் பிடித்திருந்தால், தெரிகிற பக்கத்தைக் கொஞ்சம் அரம் போட்டுவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தால் வந்துவிடும். புதிய போல்ட்டுக்கு நைலாக் நட்டு, அதாவது எளிதில் தளராமல் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. தளர்வாக விடக் கூடாது. கொஞ்ச நேரம் ஓட்டிய பிறகு ஸ்பானரை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவேன்.

உடைந்த துண்டைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்த வேலையில் அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். வெட்டுமுகம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டு, பளபளவென்று புதிதாக இருந்தால் ஒரே அடியில் போயிருக்கிறது. கல்லோ கட்டையோ எங்கே என்று பார்த்து அடையாளம் வைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். முகத்தில் பாதி கறுத்து அல்லது துரு படிந்து, மீதிப் பாதி மட்டும் புதிதாக நெறுநெறுவென்று இருந்தால், விரிசல் முன்பே விழுந்து வளர்ந்து வந்திருக்கிறது. போல்ட்டின் உடலில் படிப்படியாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஓட்டை அகன்றுவிட்டது, அல்லது நட்டு தளர்ந்து ஓடியிருக்கிறது. இப்படி வந்த துண்டைப் பார்த்துவிட்டு அப்படியே புதியதைப் போட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

அகன்ற ஓட்டைக்குப் பலரும் சொல்லும் வைத்தியம், 16 மில்லிமீட்டருக்குத் துளைத்துப் பெரிய போல்ட் போடுவது. விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வலிமை ஏறும் என்பதால், அதே தரத்திலேயே போல்ட் கிட்டத்தட்ட 60 சதவீதம் கூடுதலாகத் தாங்கும். கிரேடு 2 போட்டும் கிரேடு 5 போட்ட கதைதான். யோக்கை மாற்ற வேண்டும், அல்லது ஓட்டைக்குள் புஷ் (உலோக உள்வளையம்) அடித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

கல்லே இல்லாத இடத்தில் போல்ட் போனால் நான் பார்ப்பது வேறு. ஆக்சிலரேட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு பிடிஓவைப் போட்டால் நின்றிருக்கும் கத்தியை ஒரே இழுப்பில் சுழற்ற வேண்டியிருக்கும், அந்த இடியே போதும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது போட்டு, பிறகுதான் 540-க்கு ஏற்ற வேண்டும். அடர்ந்த புதரின் நடுவே நின்றுகொண்டு தொடங்குவதும் அப்படித்தான். இரண்டு மூன்று போல்ட் தொடர்ந்து தொடக்கத்திலேயே போனால் அடியில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பழைய வேலிக் கம்பி கத்தித் தண்டில் சுற்றிக் கிடக்கும், அல்லது ஒரு கத்தி மடங்கிய நிலையில் இறுகிப் போயிருக்கும்.

போல்ட்டுக்குப் பதிலாக ஸ்லிப் கிளட்ச், அதாவது விசை கூடினால் உடையாமல் வழுக்கிவிடும் தகடுகள், நல்லதில்லையா என்று கேட்பார்கள். கல் நிறைந்த நிலத்தில் நாள் முழுக்க ஓட்டுபவருக்கு அதுதான் வசதி, இறங்கவே வேண்டாம். ஆனால் மழையில் மாதக்கணக்கில் நின்ற கிளட்சின் தகடுகள் துருவால் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடி வரும்போது வழுக்காது, விசை நேராக கியர்பாக்ஸுக்குப் போகும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, சில விநாடி வழுக்கவிட்டு, திரும்ப முன்பிருந்த அளவுக்கே இறுக்க வேண்டும். அதைத் தவறாமல் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. என் கட்டர் வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறது. எனக்கு போல்ட்டே சரி.

இப்போது என் யோக்கின் ஒரு பக்க ஓட்டையில் புதிய போல்ட் லேசாக ஆடுகிறது. உடைந்து வரும் துண்டுகளிலும் நட்டுப்பக்கம் மட்டும் பள்ளம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஷாஃப்டின் ஓட்டை இன்னும் வட்டமாகவே இருப்பதால், அடுத்த பருவத்துக்குள் யோக்கை மட்டும் மாற்றினால் போதும்.